அயிரை வகை மீன்களை ஒரே தொட்டியில் வளர்க்கலாமா?

சென்ற கோடையில் ஒரகடத்தை அடுத்த ஒரு கிராமத்தில் விவசாயி ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். தொழிற்பேட்டைக்கு நிலம் போனது போக ஒரு ஏக்கர் நன்செய்யும் கிணறும் அவருக்கு மிஞ்சியிருக்கின்றன. மகனுக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. மருமகள் உபரி வருமானத்துக்காக வண்ண மீன் வளர்ப்பைத் தொடங்கலாம் என்று எண்ணி, முதலில் பழகிக்கொள்ள ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தார். சென்னை கொளத்தூருக்குப் போய் ‘லோச்’ என்று கடைக்காரர்கள் சொல்லும் மீன்களில் மூன்று வகை, வகைக்கு இரண்டு வீதம் வாங்கி வந்தார். கூடவே ஏரிக் கால்வாயில் பிடித்த நம் நாட்டு அயிரை பத்தையும் விட்டார்.

மே மாதத்தில் ஓர் இரவு மின்சாரம் நான்கு மணி நேரம் நின்றுவிட்டது. காற்றுப் பம்பு ஓடவில்லை. விடிந்து பார்த்தால் கடையில் வாங்கிய ஆறு மீன்களில் ஐந்து செத்துக் கிடந்தன. அயிரையில் ஒன்றுகூடச் சாகவில்லை. “எல்லாம் அயிரை ஜாதிதானே ஐயா, ஏன் இப்படி ஆச்சு?” என்று அந்தப் பெண் கேட்டார்.

நல்ல கேள்வி. ஆடும் எருமையும் அசை போடும் பிராணிகள்தான். அதற்காக ஆட்டை எருமையோடு சேற்றுக் குட்டையில் இறக்கிவிடுவோமா? லோச் என்ற பெயரில் விற்கப்படும் மீன்களை மீனியலார் பல குடும்பங்களாகப் பிரித்திருக்கிறார்கள். வாயருகே மீசை, அடிமட்டத்தில் இரை தேடும் பழக்கம் ஆகியவை பொது. பிறந்த நீரும் வளரும் அளவும் குணமும் வேறு.

பிறந்த இடம் அறிந்து சேர்க்க வேண்டும்

நம் நாட்டு அயிரை தமிழ்நாடு, கேரளம், இலங்கை ஆகிய இடங்களில் ஏரி, வாய்க்கால், நெல் வயல், மணற்பாங்கான ஆறுகளில் வாழ்வது. சுமார் 3 அங்குலம் வளரும். நீரில் பிராணவாயு குறைந்தால் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கும். அந்தக் காற்றிலுள்ள பிராணவாயுவைக் குடல் உறிஞ்சிக்கொள்ளும். கோடையில் வற்றும் கால்வாயில் அது தாக்குப்பிடிப்பது இதனால்தான். அன்று இரவு அதைக் காப்பாற்றியதும் இதுவே.

மலை ஓடை லோச் இதற்கு நேர்மாறு. வேகமாக ஓடும் குளிர்ந்த நீரில் பாறையை ஒட்டிக்கொண்டு வாழ்வது. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் இதன் இனங்கள் உண்டு. 20 முதல் 24 டிகிரி உஷ்ணம் இதற்கு ஏற்றது. நம் பகுதியில் மே மாதத்தில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். சூடு ஏற ஏற மீனுக்குத் தேவை கூடுகிறது. நீரில் இருப்போ குறைகிறது. ஆகவே சமவெளி விவசாயிகள் இந்த மீனை வாங்காமல் இருப்பதே நல்லது.

யோயோ லோச் கங்கைச் சமவெளியைச் சேர்ந்தது. 5 அங்குலம் வரை வளரும்; சுறுசுறுப்பும் முரட்டுத்தனமும் உள்ளது. கிளவுன் லோச் சுமத்ரா, போர்னியோ தீவுகளின் மீன். கடையில் 2 அங்குலக் குஞ்சாக அழகாக இருக்கும். ஆனால் பல ஆண்டுகளில் ஓர் அடி வரை வளரும். 20 ஆண்டுக்கு மேலும் வாழும். கன்றுக்குட்டியைப் பார்த்துக் கோழிக்கூடு கட்டக் கூடாது. கூலி லோச் தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது. பாம்பு போல மெலிந்து 3, 4 அங்குலம் வளரும் சாதுவான மீன்.

எதோடு எது சேரும்?

3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியில் ஒன்றேகால் அடி உயரத்துக்கு நீர் விட்டால் சுமார் 160 லிட்டர் பிடிக்கும். இதில் அயிரை எட்டும் கூலி லோச் ஆறும் ஒற்றுமையாக வாழும். இரண்டுக்கும் 24 முதல் 28 டிகிரி உஷ்ணமும் மென்மையான மணலும் ஏற்றவை. ஒன்றின் தீனியை மற்றொன்று தட்டிப் பறிக்காது.

யோயோ லோச்சை 4 அடித் தொட்டியில் அதன் இனத்தோடு ஐந்தாறாக வளர்க்கலாம். சிறிய தொட்டியில் அயிரையோடு விட்டால் தீனி முழுவதையும் யோயோவே அள்ளிவிடும், அயிரை மெலியும். கப்பி, பைட்டர் போன்று நீண்ட துடுப்புள்ள மீன்களோடும் யோயோவைச் சேர்க்க வேண்டாம், துடுப்பைக் கடித்துவிடும். கிளவுன் லோச்சுக்கு 6 அடித் தொட்டி தேவை. அதற்கு இடமும் பணமும் இல்லாதவர்கள் ஆசைப்பட வேண்டாம்.

வகைக்கு இரண்டாக வாங்குவது பலரும் செய்யும் தவறு. லோச் மீன்கள் கூட்டமாக வாழ்பவை. கோழிக் கூட்டத்தில் இருப்பது போல இவற்றிலும் மேல், கீழ் என்ற வரிசை உண்டு. ஆறு மீன்கள் இருந்தால் கொத்து பரவலாக விழும். இரண்டே இருந்தால் ஒன்றே எல்லாக் கொத்தையும் வாங்கி ஒளிந்துகொண்டே சாகும். நான்கு வகையில் இரண்டிரண்டு வாங்கும் பணத்தில் ஒரு வகையில் எட்டு வாங்குங்கள்.

தொட்டி அமைக்கும் முறை

அடியில் 2 அங்குல கனத்துக்கு நன்றாகக் கழுவிய ஆற்று மணலைப் பரப்ப வேண்டும். இப்போது எங்கும் கிடைக்கும் எம்-சாண்டைப் போடக் கூடாது. உடைத்த கல்லின் கூர்முனை மீசையையும் அடிவயிற்றையும் கீறி, புண்ணாக்கிவிடும். உடைந்த மண்சட்டி, தேங்காய்ச் சிரட்டை, வழுவழுப்பான கல் ஆகியவற்றை மறைவிடமாக வைக்கலாம். மீன்களைவிட மறைவிடங்கள் அதிகமாக இருந்தால் சண்டை குறையும்.

ஆழ்குழாய்க் கிணற்று நீரை உடனே விடாமல், திறந்த தொட்டியில் ஒரு நாள் காற்றூட்டிய பின் விட வேண்டும். புதுத் தொட்டியில் மீன் விட அவசரப்படாதீர்கள். யூரியாவிலிருந்து வரும் அம்மோனியாவை வயல் மண்ணில் நைட்ரேட்டாக மாற்றுபவை பாக்டீரியாக்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மீன் கழிவின் அம்மோனியாவையும் அத்தகைய பாக்டீரியாக்கள்தான் மாற்ற வேண்டும். அவை வடிகட்டியில் பெருக மூன்று, நான்கு வாரம் ஆகும். வடிகட்டியை ஓடவிட்டு, இரண்டு நாளுக்கு ஒரு முறை சிட்டிகைத் தீனி மட்டும் போட்டு வந்தால் அவை பெருகும். பிறகு மீன் விடலாம். வாரம் ஒரு முறை 40 லிட்டர் நீரை மாற்றினால் போதும்.

லோச் மீன்கள் துள்ளி வெளியே விழும். ஆகவே தொட்டிக்கு மூடி அவசியம். ஆனால் நீருக்கும் மூடிக்கும் இடையே காற்றிடம் விடுங்கள். அயிரைக்கு அதுதான் மூச்சு. மின்சாரம் நின்றால் தீனியை நிறுத்திவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். பேட்டரியில் ஓடும் சிறு காற்றுப் பம்பு இருந்தால் கவலை இல்லை. கோடையில் தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டலாம். ஐஸ் கட்டி போடக் கூடாது.

தீனியும் மருந்தும்

இவை பெரும்பாலும் இருட்டிய பின் இரை தேடுபவை. விளக்கணைக்கும் நேரத்தில், மூழ்கும் குருணைத் தீனியை ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போடுங்கள். வாரம் இரு முறை கொசுப் புழு அல்லது ரத்தப் புழு கொடுக்கலாம். மருந்தடித்த வயலின் வாய்க்காலிலிருந்து புழுவோ மீனோ எடுக்கக் கூடாது.

லோச் மீன்களுக்குச் செதில் மிகச் சிறியது. சிலவற்றுக்குச் செதிலே இல்லை. எனவே வெள்ளைப்புள்ளி நோய் எளிதில் தொற்றும். மருந்தும் எளிதில் தாக்கும். கடை மருந்தைப் பாதி அளவில் தொடங்க வேண்டும். போர்டோ கலவைக்கு வாங்கி வைத்த மயில்துத்தத்தை இந்தத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். கொசு விரட்டிகளில் உள்ள பைரித்ராய்டு மருந்தும் மீனுக்கு நஞ்சு. அதே அறையில் தொட்டி இருக்கக் கூடாது. புதிதாக வாங்கிய மீனை மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு விடுங்கள். பல லோச் இனங்களுக்குக் கண்ணுக்குக் கீழே முள் உண்டு. வலையில் சிக்கிக் காயம்படும். குவளையால் பிடிப்பதே மேல்.

ஏரியை மறக்க வேண்டாம்

தொட்டியில் அலுத்துப்போன வெளிநாட்டு மீனைப் புண்ணியம் என்று நினைத்து ஏரியில் விடுகிறார்கள். ‘டேங்க் கிளீனர்’ என்று விற்ற தென்னமெரிக்க மீன் இப்படி வெளியேறித்தான் நம் ஏரிகளில் பெருகி, வலைகளைக் கிழிக்கிறது. வேண்டாத மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

வாங்குவதிலும் பொறுப்பு உண்டு. மகாராஷ்டிரம், கர்நாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் வாழும் வரி லோச், உலக அளவில் அழியும் அபாயத்தில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்ட மீன். 2005 முதல் 2012 வரை இந்தியாவிலிருந்து அபாய நிலையிலுள்ள 30 இன நன்னீர் மீன்கள் 15 லட்சத்துக்கு மேல் ஏற்றுமதியானதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதில் பெரும் பங்கு வகித்த மூன்று இனங்களில் இதுவும் ஒன்று. நம் அயிரைக்கும் அந்த நிலை வரக் கூடாது. மழைக்காலத்தில் சினையோடு வயலுக்கு ஏறும் மீனைப் பிடிக்காமல் விட்டால்தான் அடுத்த ஆண்டும் கால்வாயில் அயிரை இருக்கும். ஏரியில் பிடிக்கும் முன் குத்தகைதாரரின் அனுமதியும் தேவை.

தொழிலாகத் தொடங்க விரும்புவோர் ஆறு மாதம் ஒரே தொட்டியில் பழகிய பிறகு, கொளத்தூர் வியாபாரிகளிடம் எந்த மீனுக்குக் கேட்பு இருக்கிறது என்று விசாரித்து விட்டுச் சிமெண்ட் தொட்டி கட்டுங்கள். கட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம், பொன்னேரி மீன்வளக் கல்லூரி, மாவட்ட மீன்வளத்துறை அலுவலகம் ஆகிய இடங்களில் ஆலோசனை கேட்கலாம்.

அந்த வீட்டில் பிழைத்த ஒரே ஒரு யோயோ லோச்சைக் கடையில் கொடுத்துவிட்டு, ஆறு கூலி லோச் வாங்கி வந்தார்கள். அயிரை பத்தும் அவற்றோடு நலமாக இருக்கின்றன.