அறுவை மருத்துவரின் தாய்மையும் மனநலமும்

ஓர் அறுவை மருத்துவரை உருவாக்க நெடுங்காலம் பிடிக்கிறது. எம்.பி.பி.எஸ். படிப்புக்கு உள்ளுறைப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள், எம்.எஸ். பட்டத்திற்கு 3 ஆண்டுகள். குழந்தைகள் அறுவை மருத்துவம் போன்ற உயர் சிறப்புத் துறைகளில் எம்.சிஎச். பட்டம் பெற மேலும் 3 ஆண்டுகள். 18 வயதில் கல்லூரியில் சேரும் பெண், இடையில் ஓராண்டும் வீணாகாமல் கற்றாலும், பயிற்சி முடியும்போது 30 வயதை நெருங்கிவிடுகிறார். பெரும்பாலான பெண்கள் தாய்மை அடையும் ஆண்டுகளும் இவையே. ஆகவே, மகப்பேறு இத்தொழிலில் எதிர்பாராத இடையூறு அன்று. முன்னரே அறியக்கூடிய, திட்டமிடக்கூடிய நிகழ்ச்சியாகும். ஆயினும் பல மருத்துவமனைகளில் பணிமுறை இதனைக் கருத்தில் கொண்டு அமைக்கப்படுவதில்லை. இதன் விளைவு முதலில் தாயின் மனநலத்தில் தென்படுகிறது.

மனச்சோர்வின் இயல்பு

குழந்தை பிறந்த முதல் சில நாட்களில் காரணமின்றிக் கண்ணீர் பெருகுவதும் மனம் அலைவதும் பல தாய்மார்களுக்கு நேர்பவை. இவை பொதுவாக இரு வாரங்களுக்குள் தாமே அடங்கிவிடும். அதற்கு மேலும் துயரம் நீடித்து, குழந்தை உறங்கும்போதும் உறக்கம் வராமை, குற்ற உணர்வு, எதிலும் நாட்டமின்மை, முடிவெடுக்க இயலாமை ஆகியவை சேர்ந்தால், அது மகப்பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வாக இருக்கலாம். இந்தியாவில் நடைபெற்ற 38 ஆய்வுகளைத் தொகுத்து, உலக சுகாதார நிறுவனத்தின் இதழ் 2017இல் வெளியிட்ட கட்டுரை, தாய்மார்களில் 100க்கு 22 பேர் இதற்கு ஆளாவதாக மதிப்பிட்டது. 1,000 பேரில் ஓரிருவருக்கு மட்டுமே வரும் மனப்பிறழ்வு இதனினும் கடுமையானது. அதற்கு உடனடி மருத்துவம் தேவை.

மனச்சோர்வு ஒரு நோய். உளவலிமைக் குறைவு அன்று. உளவியல் ஆலோசனையாலும், தேவையெனில் மருந்தாலும் குணப்படுத்தத்தக்கது. தாய்ப்பால் ஊட்டும்போதே உட்கொள்ளத்தக்க மருந்துகளும் உள்ளன. நோயைப் பற்றிய அறிவு மருத்துவருக்கு இருப்பதாலேயே நோய் அவரை அணுகாதிருப்பதில்லை.

அறுவைப் பணியின் தனிச் சுமைகள்

அறுவை அரங்கில் பல மணி நேரம் நின்றே பணியாற்ற வேண்டும். இரவில் அவசர அழைப்பு வரும். தொடங்கிய அறுவையை நடுவில் விட்டுத் தாய்ப்பாலை எடுத்துவைக்கச் செல்ல இயலாது. ஊடுகதிர் பயன்படும் அறுவைகளில் கனமான ஈய அங்கி அணிய வேண்டும். கருவுற்றிருப்பது தெரிந்தபின் எஞ்சிய காலம் முழுவதற்கும் கருவின் கதிர்வீச்சு அளவு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டலாகாது என்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வரையறுத்துள்ளது. அமெரிக்காவில் 692 பெண் அறுவை மருத்துவரிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில், 100க்கு 42 பேர் கருவிழப்புக்கு ஆளானமை தெரியவந்தது. கருவிழந்த தாயின் மனத்துயரும் இங்கு எண்ணத்தக்கது.

உடற்சுமையினும் நுட்பமானது மனச்சுமை. அறுவைத் திறன் கைப்பழக்கத்தால் வளர்வது. விடுப்பில் கழியும் மாதங்களில் உடன் பயில்வோர் முந்திவிடுவர் என்ற அச்சம் எழுகிறது. தம் பணியைச் சக மருத்துவர்கள் சுமக்கிறார்கள் என்ற கூச்சமும் உண்டு. எல்லாவற்றிற்கும் மேலாக, மனச்சோர்வை வெளிப்படுத்தினால் கத்தியைப் பிடிக்கத் தகுதியற்றவர் என முத்திரை குத்திவிடுவரோ என்ற தயக்கம் வாயடைக்கிறது. மறைக்கப்பட்ட நோய்க்கு மருத்துவம் கிட்டாது. இதனால் தாய், குழந்தை, நோயாளி ஆகிய மூவரின் நலனும் பாதிக்கப்படக்கூடும்.

சட்டம் அளிக்கும் பாதுகாப்பு

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது, முதலிரு குழந்தைகளுக்கான ஊதிய விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தது. 50 பேருக்குக் குறையாது பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் கட்டாயமாயிற்று. குழந்தைக்கு 15 மாதம் நிறையும்வரை பாலூட்ட நாள்தோறும் இரு இடைவேளைகளும், மகப்பேற்றால் விளையும் நோய்க்கு மேலும் ஒரு மாத விடுப்பும் மூலச் சட்டத்திலேயே இருந்தன. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இவை இடம்பெற்றுள்ளன. மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்கு 180 நாள் மகப்பேறு விடுப்பும், பணிக்காலத்தில் மொத்தம் 730 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பும் உண்டு. ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்பதால் மகப்பேற்றுப் பயன்களை மறுக்கலாகாது என 2023இல் உச்ச நீதிமன்றம் ஒரு பெண் மருத்துவரின் வழக்கிலேயே தீர்ப்பளித்தது. ஒப்பந்த முறையில் பணியாற்றும் உறைவிட மருத்துவர்களுக்கு இது பெரிதும் பயன்தருவது.

உறைவிட மருத்துவரின் பணி வாரத்திற்குப் பொதுவாக 48 மணி நேரத்திற்கு உட்பட்டிருக்க வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992இலேயே அறிவுறுத்தியது. நடைமுறையில் பல இடங்களில் இவ்வரம்பு மீறப்படுகிறது.

நிர்வாகம் செய்யக்கூடியவை

விடுப்பு வழங்குவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. முதல் தேவை, விடுப்புக்கால மாற்று மருத்துவர். மாற்றுப் பணியிடம் இல்லாதபோது சட்டம் தந்த விடுப்பு சக மருத்துவர் மீது சுமையாக இறங்குகிறது; கசப்பும் கூச்சமும் அங்கேதான் பிறக்கின்றன. கருவுற்ற செய்தி தெரிந்தவுடனேயே துறைத்தலைவர் பணிமுறைப் பட்டியலை மாற்றியமைக்கலாம். கதிர்வீச்சுப் பணியையும் கடைசி மாதங்களில் இரவுப் பணியையும் விலக்கலாம்.

பணிக்குத் திரும்பும் காலமே மிகவும் கவனிக்கத்தக்கது. முதல் சில வாரங்களில் முன்கூட்டியே திட்டமிட்ட சிறிய அறுவைகளை அளித்து, படிப்படியாக முழுப்பணிக்குக் கொண்டுவருவது நன்று. அறுவை அரங்கின் அருகில் தாய்ப்பால் எடுக்கவும் குளிர்ச்சியாக வைக்கவும் ஓர் அறை போதும்; செலவு சிறிது, பயன் பெரிது.

1987இல் வெளியான எடின்பரோ அளவுகோல் 10 வினாக்களால் மனச்சோர்வின் அறிகுறியைக் கண்டறிகிறது. பணிக்குத் திரும்பும் தாய்மார் அனைவருக்கும் இதனை வழக்கமான பரிசோதனையாக்கினால், எவரும் தனித்துச் சுட்டப்படமாட்டார். ஆலோசனை வழங்குபவர் அம்மருத்துவரின் மேலதிகாரியாக இருத்தலாகாது. விவரங்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எவரும் பெயர் கூறாமலே அணுகலாம்.

ஓர் அறுவை மருத்துவரின் பயிற்சிக்கு நாடு பத்தாண்டுக்கு மேல் செலவிடுகிறது. மகப்பேற்றின்போது சில மாத ஆதரவு கிட்டாமல் அவர் பணியைத் துறந்தால், அத்தனை ஆண்டு முதலீடும் வீணாகிறது. அவ்வாதரவுக்கு வேண்டியவை ஒரு மாற்றுப் பணியிடமும் முறையான பணிப்பட்டியலும் தயக்கமின்றிப் பேச இடமளிக்கும் துறையுமே ஆகும்.