பெட்டிக்குள் கரையும் முகங்கள்

இருட்டறையில் பிறந்த கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு இன்று எதிரி வெளிச்சமல்ல, ஈரம்.

மூணாறுக்குக் கிழக்கே, கொழுக்குமலைக்கு ஜீப்புகள் கிளம்பும் ஊர் சூரியநெல்லி. பெயரில்தான் சூரியன். ஜூன் பிறந்துவிட்டால் மழையும் மூட்டமும் வாரக்கணக்கில் விடாது. கொடியில் போட்ட துணி காயாது. டப்பாவில் உப்பு கசியும். தேயிலைத் தோட்ட லயங்களில் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய நெகடிவ்களுக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது. சில மழைக்காலங்கள் போதும். தாத்தாவின் முகத்தில் சிலந்தி வலை பின்னியது போலப் பூஞ்சை படர்ந்துவிடும்.

காரணம் எளியது. பிலிமின் மேல் பூசியிருப்பது ஜெலட்டின். விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படும் பொருள். அதற்குள் வெள்ளி உப்பின் நுண்துகள்கள். வெளிச்சம் பட்ட துகள்கள் டெவலப்பரில் கறுத்த வெள்ளியாக மாறி உருவம் தருகின்றன. வெள்ளியைப் பூஞ்சை தொடாது. ஆனால் ஜெலட்டின் அதற்குச் சாப்பாடு. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் விருந்தே தொடங்கிவிடும்.

ஆனாலும் ஒரு நெகடிவின் ஆயுளில் பாதி இருட்டறையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. சினிமாவில் காட்டும் சிவப்பு பல்பு பிரிண்ட் போடும் பேப்பருக்குத்தான். சாதாரண பிலிமுக்குச் சிவப்பும் ஆகாது. கும்மிருட்டில், விரல் நுனியையே கண்ணாக நம்பி ரோலைச் சுருளில் ஏற்ற வேண்டும். பிறகு மெட்டால், ஹைட்ரோகுயினோன் கலந்த டெவலப்பர், அதன் வேலையை நிறுத்த ஒரு அமிலக் குளியல், கடைசியாக ஹைப்போ. வெளிச்சம் படாத வெள்ளி உப்பை ஹைப்போ கரைத்துவிடும் என்பதை ஜான் ஹெர்ஷல் 1819-லேயே கண்டுபிடித்திருந்தார். 20 ஆண்டுகள் கழித்துப் புகைப்படக்கலை பிறந்தபோது அதுவே கைகொடுத்தது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். படத்தைக் காப்பாற்றும் ஹைப்போவே உள்ளே தங்கிவிட்டால் படத்துக்கு எமன். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைத் தாக்கி மஞ்சளாக, பழுப்பாக மாற்றிவிடும். எனவே அரை மணி நேரம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். கல்யாண ஆல்பம் நாளைக்கே வேண்டும் என்ற அவசரத்தில் முதலில் வெட்டு விழுவது இந்த அரை மணிக்குத்தான். அன்று யாருக்கும் தெரியாது. 20, 30 வருடம் கழித்து மணப்பெண்ணின் முகத்தில் கறையாகத் தெரியும்.

மலைக்கும் சமவெளிக்கும் இருட்டறை வேறு. டெவலப்பருக்கு 20 டிகிரி செல்சியஸ் உகந்தது. சமவெளிக் கோடையில் பாத்திரத்தைச் சுற்றி ஐஸ் வைக்காவிட்டால் ஜெலட்டின் இளகிவிடும். மலைக் குளிரில் நேரெதிர். சுமார் 13 டிகிரிக்குக் கீழே ஹைட்ரோகுயினோன் கிட்டத்தட்டத் தூங்கிவிடும். வெந்நீர்த் தொட்டியில் பாத்திரத்தை இறக்கித்தான் அதை எழுப்ப வேண்டும்.

அதே குளிர்தான் ஒரு பிலிம் தொழிற்சாலைக்குத் தோதாகவும் அமைந்தது. 1960-ல் மத்திய அரசு உதகமண்டலத்தில் நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், பிரெஞ்சு நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் 1967-ல் உற்பத்தியில் இறங்கியது. 'இந்து' என்ற பெயரில் பிலிம் ரோல், போட்டோ பேப்பர், எக்ஸ்ரே பிலிம் என்று அங்கிருந்து நாடெங்கும் போயின. ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கே இந்து நகர் என்று பெயர். பிறகு கலர் வந்தது, இறக்குமதிப் போட்டி வந்தது. 1990-களின் நடுவில் நலிந்த நிறுவனங்களின் பட்டியலில் சேர்ந்தது. எஞ்சிய தொழிலாளர்களுக்கான விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு 2014-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஆலை மூடப்பட்டது. அதன் பிலிமில் பதிந்த முகங்கள் மட்டும் வீடுகளிலும் ஸ்டூடியோப் பரண்களிலும் மிஞ்சியிருக்கின்றன.

பரண்களிலும் நிம்மதியில்லை. டிஜிட்டல் காமிரா வந்து இருட்டறைகள் ஸ்டோர் ரூம்களானபோது, மூட்டை மூட்டையாக நெகடிவ்கள் அவற்றிலுள்ள சொற்ப வெள்ளிக்காக விலை போயின. ஒரு ஊரின் மூன்று தலைமுறை எடைக்கு எடை! புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழகத்தின் பழைய ஸ்டூடியோக்களைத் தேடிப்போய், மிஞ்சிய படங்களையும் நெகடிவ்களையும் டிஜிட்டலில் பதிவு செய்திருக்கிறது. ஆனால் லயத்து டிரங்குப் பெட்டிவரை எந்த நிறுவனமும் வராது.

பெட்டிக்காரர்களே செய்யக்கூடியது நிறைய உண்டு. பூஞ்சை பிடித்த நெகடிவைத் தண்ணீரில் கழுவவே கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைந்து, உருவமும் கூடவே போய்விடும். காடி வாசனை அடித்தால் பிலிமின் அசிடேட் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதை மற்றவற்றிலிருந்து உடனே பிரிக்க வேண்டும். மீதியை வறண்ட நாளில் வெளியே எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, அமிலமில்லாத காகித உறையில் ஒவ்வொன்றாக இட்டு, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் மூட வேண்டும். பொட்டலம் ஈரம் குடித்ததும் மாற்றுவது முக்கியம்.

ஸ்கேன் செய்துவிட்டால் நெகடிவ் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஹார்டு டிஸ்க் ஒரு நாள் திறக்காமல் போகலாம். நெகடிவுக்கு மின்சாரமும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். மழை விட்ட ஒரு காலையில் ஜன்னலுக்கு நேரே பிடித்தால் போதும். தாத்தா தெரிவார், பெட்டி ஈரமில்லாமல் இருந்திருந்தால்.