மிரர் ஏரிக்கரையில் ஷஃபிள்போர்டு
செயின்ட் பீட்டர்ஸ்பர்க், புளோரிடா

நீண்ட கடற்பயணத்தில் பொழுதுபோகாத பயணிகள் கப்பலின் மேல்தளத்தில் கட்டம் வரைந்து ஆடிய ஆட்டம் இது. 1913-இல் புளோரிடாவின் டேட்டோனா கடற்கரை விடுதி ஒன்றில் கரையேறியது. குளிர்காலத்தைக் கழிக்க வடக்கிலிருந்து வந்த முதியவர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். ஓடவோ குனியவோ வேண்டாம். கணக்கான கையும் கூர்மையான கண்ணும் போதும்.

இந்த மிரர் ஏரிக்கரையில் 1924-இல் ஷஃபிள்போர்டு சங்கம் பிறந்தது. அப்போது ஊருக்கு ஊர் களத்தின் அளவும் புள்ளிக் கணக்கும் வேறுபட்டன. வெளியூர் அணியோடு மோதினால் எந்த விதிப்படி ஆடுவது? அதைத் தீர்க்கவே 1928-இல் புளோரிடா மாநிலச் சங்கம் உருவானது. விதிகளை ஒன்றாக்கியதுதான் அது செய்த பெரிய வேலை என்பேன்.

இன்றைய களம் 52 அடி நீளம், 6 அடி அகலம். ஆளுக்கு 4 வில்லைகள்: ஒருவருக்கு மஞ்சள், மற்றவருக்குக் கறுப்பு. நீண்ட கழியால் தள்ளிய வில்லை கோட்டில் படாமல் எதிர்முனையில் வரைந்த முக்கோணத்துக்குள் நின்றால் 10, 8 அல்லது 7 புள்ளி. முக்கோணத்தின் அடியில் உள்ள அடிக்கட்டத்தில் நின்றால் 10 புள்ளி போய்விடும். கேரம் ஆடியவர்களுக்கு இதன் சூட்சுமம் உடனே புரியும்: நம் வில்லையை நிறுத்துவதோடு எதிராளியின் வில்லையை அந்த அடிக்கட்டத்துக்குத் தள்ளிவிடுவதும் ஆட்டம்தான்.

உச்சத்தில் மிரர் ஏரிக்கரைச் சங்கத்தில் 5,000 பேருக்கு மேல் இருந்தார்கள். அந்தத் தலைமுறை மறைய, களங்கள் வெறிச்சோடின. 2005-இல் உள்ளூர்க் கலைஞர்கள் வெள்ளிக்கிழமை இரவுகளில் கதவை இலவசமாகத் திறந்துவைத்தார்கள். இளைஞர்கள் வந்தார்கள், மிச்சமிருந்த தாத்தா பாட்டிகளிடம் கழி பிடிக்கக் கற்றார்கள்.