ஆலை வேலை வரமா? எத்தியோப்பியாவில் சோதித்துப் பார்த்தார்கள்

ஏழை நாட்டு ஆலைகளைப் பற்றி, அவற்றில் ஒருநாளும் வேலை பார்த்திராதவர்களிடம் இரண்டு கட்சி உண்டு. உழைப்பைச் சுரண்டும் கூடம் என்பது ஒன்று. மற்றதற்கு வாய்த்த வலுவான வக்கீல், பொருளியலாளர் பால் குரூக்மன். மணிலாவின் குப்பைமேட்டில் பொறுக்கிப் பிழைத்தவர்களைச் சுட்டிக்காட்டி, இதைவிட ஆலைக் கூலி மேல் என்று 1997இல் எழுதினார். சரிதான். ஆனால் ஆலை வாசலில் நிற்பவர்கள் எல்லோரும் குப்பைமேட்டிலிருந்தா வருகிறார்கள்?

கிறிஸ்டோபர் பிளாட்மன், ஸ்டெஃபான் டெர்கான் என்ற இரு ஆய்வாளர்கள் இதை எத்தியோப்பியாவில் சோதித்தார்கள். பூப்பண்ணை, காலணி ஆலை உள்ளிட்ட ஐந்து நிறுவனங்களில் வேலை கேட்டு வந்த ஏறக்குறைய ஆயிரம் பேரைக் குலுக்கல் போட்டுப் பிரித்தார்கள். பெரும்பாலோர் இளம்பெண்கள். சிலருக்கு வேலை, சிலருக்குப் பயிற்சியோடு 300 டாலர் ரொக்கம், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை.

ஆலை வேலைதான் வெல்லும் என்று பிளாட்மனே எதிர்பார்த்திருந்தார். நடந்தது வேறு. வேலை கிடைத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் முதல் மாதமே நின்றுவிட்டார். ஓராண்டுக்குள் நான்கில் மூன்று பேருக்குமேல் வெளியேறினார்கள். சில்லறை வியாபாரத்திலும் கூலிவேலையிலும் கிடைத்ததைவிட ஆலைச் சம்பளம் அதிகமில்லை. உடம்புக்குத்தான் கேடு கூடியது. ரொக்கம் வாங்கியவர்களின் வருமானமோ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது. இதைப் பிடித்துக்கொண்டு முதல் கட்சிக்காரர்கள் கொண்டாட வேண்டாம்: ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது மூன்று தரப்பின் வருமானமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டிருந்தது. அந்தப் பெண்களுக்கு ஆலை, கைவசம் வேறு வேலை இல்லாதபோது ஒதுங்கும் இடங்களில் ஒன்று, அவ்வளவே.

முதலாளிகள் இதைப் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. 2016இல் எத்தியோப்பியாவில் திறக்கப்பட்ட ஹவாசா தொழிற்பூங்காவில் தொடக்கச் சம்பளம் மாதம் 26 டாலர்; வங்கதேச ஆடைத் துறையின் குறைந்தபட்ச ஊதியம் 2019இல் 95. நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று அதே ஆண்டில் இதைப் பதிவு செய்தது. வாடகைக்கே கட்டாத அந்தச் சம்பளத்தில் நான்கைந்து பெண்கள் ஓர் அறையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். முதல் ஆண்டில் ஆலைகள் சராசரியாகத் தம் ஆட்கள் அத்தனை பேரையும் மாற்ற வேண்டியிருந்தது. ஆள் நிற்கவில்லை என்பது முதலாளிகளின் புலம்பல். தனியார் துறைக்கு அந்நாட்டில் அப்போது சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியமே கிடையாது. அதை நிர்ணயிக்க ஊதிய வாரியம் அமைக்கலாம் என்று தொழிலாளர் சட்டம் வழி சொன்னதும் அதே 2019இல்தான்.