கடுகுக் குடும்பத்து நாற்றுகள்: முதல் 20 நாள்கள்

கடுகு, முட்டைக்கோசு, பூக்கோசு, கைலான் ஆகியவை தோற்றத்தில் வேறுபட்டிருப்பினும் ஒரே குடும்பத்துச் செடிகளாம். மலாய் மொழியில் ‘சாவி’ எனப்படும் கீரையும் இக்குடும்பத்ததே. இவற்றின் விதைகள் 3 முதல் 5 நாள்களில் முளைத்துவிடும். ஆகவே இவற்றை வளர்ப்பது எளிதென்று பலர் எண்ணுவர். ஆனால், மாலையில் நிமிர்ந்து நின்ற நாற்றுகள் மறுநாட் காலையில் தண்டு நைந்து சாய்ந்து கிடப்பதைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டுத் தோட்டம் இடுவோர் நன்கறிவர். விதை சொத்தை என்று கடைக்காரரைப் பழிப்பதும், மறுபடி விதைப்பதும், மறுபடி இழப்பதும் வழக்கமாகிவிடுகின்றன. நன்கு முளைத்த விதையைச் சொத்தை என்பது பொருந்தாது. குற்றம் பெரும்பாலும் மண்ணிலும் நீரிலுமே உள்ளது.

இதனை நாற்றழுகல் நோய் என்பர். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற நுண்ணுயிர்கள் இதற்குக் காரணமாகும். பித்தியத்தின் வித்துகள் நீரில் நீந்த வல்லவை. மண்ணில் நீர் தேங்கினால் அவை வேரை எளிதில் அடைந்து, இளந்தண்டை அழுகச் செய்கின்றன.

இவ்வட்டாரத்தின் மழையும் மண்ணும் இந்நோய்க்குத் துணை செய்கின்றன. ஏப்ரலை ஒட்டியும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியுடன் பெருமழை கொட்டும். பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரே செங்கற் சூளைகளால் வந்தது. 1881-இல் தீயாலும் வெள்ளத்தாலும் கோலாலம்பூர் அழிந்தபின், செங்கற் கட்டடங்கள் வேண்டப்பட்ட காலத்தில் அத்தொழில் அங்கே வளர்ந்தது. செங்கல்லுக்கு ஏற்ற களிமண் நாற்றுக்கு ஏற்றதன்று; அது நீரை வடியவிடாது.

ஆதலின், மேல்மண் 3 பங்கு, மக்கிய எரு 2 பங்கு, ஆற்று மணல் 1 பங்கு எனக் கலந்து, அடியில் துளையுள்ள தட்டில் இடுதல் வேண்டும். கொதிநீரை அதன்மேல் ஊற்றி, ஆறி வடிந்தபின் விதைப்பது நோயைக் குறைக்கும். கிள்ளானை அடுத்த கரையோரத்துக் கரிமண் புளிப்பு மிக்கது. அதனைப் பயன்படுத்துவோர் சிறிது சுண்ணாம்புத் தூள் சேர்ப்பது நலம்.

விதைகளை நெருக்கமாகத் தூவாமல், விரலிடை விட்டு, அரை அங்குலத்துக்கு மேற்படாத ஆழத்தில் ஊன்றுக. நீரைக் காலையில் மட்டும் தெளிக்க வேண்டும். மாலையில் தெளித்தால் இரவு முழுதும் ஈரம் நிற்கும். மழை படாதபடி ஒளி புகும் கூரை அமைக்கலாம். ஆனால் நிழலில் மறைத்து வைத்தால் நாற்று ஒளியைத் தேடி நெடிதாய், மெலிந்து வளரும். இலையரிக்கும் புழுவின் அந்துப்பூச்சி முட்டையிடாதிருக்க, நுண்ணிய வலையால் மூடுதல் போதும்.

ஏறத்தாழ 20 நாள்களில், நான்கைந்து இலை விட்டதும், மாலை வேளையில் நாற்றைப் பிடுங்கி நடலாம். அதற்கு முந்திய சில நாள்கள் நீரைக் குறைத்து, வெயிலுக்குச் சிறிது சிறிதாகப் பழக்குதல் நன்று.

முட்டைக்கோசு குளிர்ச்சி விரும்புவது. கேமரன் மலையில் உருண்டு திரள்வதுபோல் தாழ்நிலத்து வெப்பத்தில் எளிதில் திரளாது. புதிதாகத் தொடங்குவோர் கடுகுக்கீரையையோ கைலானையோ தேர்வதே தக்கது. விதை முழுவதையும் ஒரே நாளில் போடாது, வாரந்தோறும் சிறிது விதைப்பாராயின், ஒரு பெருமழையில் ஒரு தட்டுப் போயினும் அடுப்பங்கரைக்குக் கீரை குறையாது.