நிலக்காட்சி விருப்பமும் சவானா கருதுகோளும்

இயற்கைக் காட்சியை அழகெனக் கொள்ளும் உணர்வு பண்பாட்டுப் பயிற்சியால் மட்டும் அமைவதா, மனித இனத்தின் தொல்வரலாற்றிலும் வேர்கொண்டதா என்னும் வினாவிற்குப் பரிணாம உளவியல் தரும் விடைகளுள் ஒன்று சவானா கருதுகோள். ஆப்பிரிக்காவின் மரங்கள் சிதறிய புல்வெளிகளில் இரையும் பகையும் தொலைவிலேயே புலப்பட்டன. ஏறித் தப்ப மரங்களும் இருந்தன. அத்தகைய நிலத்தை நாடியோர் மிகுதியாகப் பிழைத்தமையால், அந்நாட்டமே வழித்தோன்றல்களிடம் அழகுணர்வாக எஞ்சியது என்பது சூழலியலாளர் கார்டன் ஓரியன்ஸ் முன்வைத்த கருத்து.

இதற்குச் சான்றாகப் பெரிதும் காட்டப்படுவது பாலிங், ஃபால்க் ஆகியோர் 1982இல் வெளியிட்ட ஆய்வு. மழைக்காடு, இலையுதிர்காடு, ஊசியிலைக்காடு, சவானா, பாலைவனம் ஆகியவற்றின் படங்கள் பல்வேறு வயதுடைய அமெரிக்கருக்குக் காட்டப்பட்டன. நீரும் விலங்கும் படங்களில் இல்லை. அவை தாமே கண்ணைக் கவர்வன ஆதலின் இவ்விலக்கு இன்றியமையாதது. 8 வயதுச் சிறார் சவானாவையே மிகவும் விரும்பினர். 15 வயது முதலானோரிடமோ, பழகிய காடுகளும் அதற்கு இணையாயின.

இதனைக் கருதுகோளின் முடிந்த நிறுவலாக எடுத்தாளுவது மிகை. அச்சிறார் சவானாவைக் கண்டிராவிடினும், மரங்கள் இடையிட்ட புல்தரையைப் பூங்காக்களில் கண்டிருப்பர். மழைக்காட்டு வட்டாரத்து நைஜீரியரும் சவானாவையே விரும்பினர் என அவ்விருவரே 2010இல் காட்டியது இவ்வையத்தை ஓரளவு தளர்த்துகிறது. ஆயினும், பிறவி விருப்பம் உண்டெனின், சில ஆண்டுப் பழக்கமே அதற்கு ஈடாகிவிடுகிறது என்பதும் 1982ஆம் ஆண்டுத் தரவு கூறும் செய்திதான். மேற்கோள் காட்டுவோர் இப்பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர்.