சோபாவைக் காப்பாற்றும் சவுக்குக் கட்டை

சிதம்பரத்துக்குப் பெரும்பற்றப்புலியூர் என்று ஒரு பழைய பெயர் உண்டு. கடலூருக்குள் இருக்கிறது திருப்பாதிரிப்புலியூர். இரண்டு ஊர்த் தலபுராணங்களிலும் வருபவர் வியாக்கிரபாதர், அதாவது புலிக்கால் முனிவர். வண்டு தீண்டாத பூவைச் சிவனுக்குச் சாத்த வேண்டும் என்பது அவர் ஆசை. விடிந்தபின் போனால் வண்டு முந்திக்கொள்ளும். இருட்டோடு ஏறினால் பனி நனைத்த மரம் வழுக்கும். அதனால் புலியின் கையும் காலும் வேண்டுமென்று வரம் கேட்டு வாங்கினார். வழுக்கும் மரத்தில் ஏற எது தோதான கருவி என்பது கதை சொன்னவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. அதே கருவியின் சிறிய வடிவம்தான் இன்று கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சிதம்பரம் மேல வீதியிலும் சோபாக்களைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

பூனைக்கு முன்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து, பின்கால் ஒவ்வொன்றிலும் நான்கு, ஆக 18 நகங்கள். சாதாரணமாக நடக்கும்போது இவை தரையில் உரசுவதில்லை. நகம் முளைக்கும் விரல்நுனி எலும்பை, மீள்தன்மை கொண்ட ஒரு தசைநார் பின்னுக்கு மடக்கியே வைத்திருக்கிறது. மடக்கி வைக்கப் பூனை சிரமப்பட வேண்டியதில்லை. நீட்டுவதற்குத்தான் முன்கைத் தசை சுருங்கி, விரல்வரை ஓடும் நாணை இழுக்க வேண்டும். மடியில் தூங்கும் பூனையின் ஒரு விரலை மேலும் கீழுமாக மெல்ல அழுத்திப் பாருங்கள், ஒளிந்திருந்த கொக்கி வெளியே வரும். தூங்கி எழுந்ததும் எதையாவது பற்றிக்கொண்டு முதுகை வளைத்துப் பிறாண்டும்போது இந்தத் தசைகளுக்கும் தோளுக்கும் முதுகுக்கும் சேர்த்தே முறிப்பு எடுத்துக்கொள்கிறது.

பிறாண்டி நகத்தைத் தீட்டுகிறது என்று சொல்கிறோம். நடப்பது சற்று வேறு. பூனை நகம் டீக்கடையில் ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்த காகிதக் குவளைகளைப் போல அடுக்கடுக்காக வளர்கிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோமினிக் ஹோம்பர்கர் குழுவினர் இதை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 2009 இல் எழுதினார்கள். நகம் எதிலாவது மாட்டி இழுபடும்போது வெளி அடுக்கில் நுண்ணிய விரிசல்கள் விழுகின்றன. அவை கூடக்கூட மழுங்கிய அந்த அடுக்கு மொத்தமாகக் கழன்று விழ, உள்ளே தயாராக இருக்கும் கூரான நகம் தலைகாட்டுகிறது. சோபாக் காலடியைப் பெருக்கும்போது பிறை வடிவில், உள்ளே வெறுமையாக ஒரு தோடு கிடைத்தால் பூனைக்கு நகம் பிய்ந்துவிட்டதே என்று பதற வேண்டாம். அது கழற்றிப் போட்ட பழைய உறை.

இன்னொரு வேலையும் நடக்கிறது. பூனையின் விரலிடுக்கில் வாசனைச் சுரப்பிகள் உள்ளன. பிறாண்டிய இடத்தில் நம் கண்ணுக்குக் கோடு தெரிகிறது. மற்றப் பூனைக்குக் கோட்டோடு வாசனையும் சேர்ந்து, ‘இங்கே ஆள் இருக்கிறது’ என்று தெரிகிறது. அந்த வாசனையைச் செயற்கையாகத் தயாரித்து ஒரு கட்டையில் தடவினால் பூனைகள் அதைத் தேடிப் போய்ப் பிறாண்டுகின்றன என்று பிரான்சில் செய்து 2013 இல் வெளியான ஆய்வு காட்டியது. முதுமலையில் புலி மரத்தில் கீறிவிட்டுப் போவதும் இதே அறிவிப்புதான்.

ஆகவே இதைச் சேட்டை என்று நினைத்து நிறுத்தப் பார்ப்பது வீண். கொல்லையும் திண்ணையும் இருந்த வீட்டில் பூனை முருங்கையிலோ பூவரசிலோ வாசல் தூணிலோ காரியத்தை முடித்துக்கொண்டது, யாரும் கவனிக்கவில்லை. இப்போது தரையெல்லாம் டைல்ஸ், சுவரெல்லாம் சிமென்ட். நகம் இறங்குவதற்கு வீட்டில் மிச்சமிருப்பது சோபாவும் மெத்தையும்தான். திட்டினாலோ தண்ணீர் தெளித்தாலோ பூனை அந்தத் தண்டனையைச் சோபாவோடு முடிச்சுப் போடுவதில்லை, உங்களோடு முடிச்சுப் போடுகிறது. நீங்கள் இல்லாத நேரம் பார்த்துப் பிறாண்டக் கற்றுக்கொள்ளும், அவ்வளவே.

செய்யக்கூடியது, சோபாவைவிட நல்ல பொருள் ஒன்றைக் கொடுப்பது. எது நல்லது என்பதைப் பூனையிடம் கேட்க வேண்டும். பூனை வளர்ப்போரிடம் இணையவழியில் 4,331 பதில்கள் திரட்டி 2016 இல் வெளியான ஆய்வில், வீடுகளில் அதிகம் வைக்கப்பட்டிருந்தது கம்பளம் சுற்றிய கட்டை. கயிறு சுற்றியது இருந்த இடத்தில் பூனைகள் அதிகம் நாடியது கயிற்றைத்தான். நேராக நிற்கும், மூன்றடிக்குக் குறையாத கட்டைகளுக்கு மவுசு கூடுதல். காரணம் எளிது. பின்காலில் நின்று உடம்பை முழுக்க நீட்ட உயரம் வேண்டும், முழு எடையோடு இழுத்தாலும் அது ஆடக்கூடாது. ஒரு தடவை சாய்ந்து விழுந்தால் பிறகு பூனை அந்தப் பக்கம் திரும்பாது.

மேல்நாட்டில் இதற்குச் சிசல் என்னும் கற்றாழை நார்க் கயிறு. நமக்குத் தேங்காய்நார்க் கயிறு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, கடலூர் மாவட்டத்தில் சவுக்குக்கும் பஞ்சமில்லை. பட்டை உரித்த, கைக்கு அடங்காத பருமனுள்ள சவுக்குக் கட்டை மூன்றடி எடுத்து, அகலமான பலகையில் அடியிலிருந்து திருகாணி போட்டு முடுக்கி, பலகைமேல் ஒரு துண்டு கடப்பாக் கல்லை வைத்தால் அசையாது. கயிற்றை இடைவெளியின்றி இறுக்கிச் சுற்றி, இரு முனையிலும் ஆணித்தலை வெளியே தெரியாமல் அடிக்க வேண்டும். நார் குத்துகிறது என்று பூனை ஒதுங்கினால் சணல் கயிறோ கோணிச் சாக்கோ சுற்றிப் பார்க்கலாம். மிதியடியையே பிறாண்டும் பூனை படுக்கை வசத்தை விரும்புகிறது என்று பொருள். அதற்குச் சாக்கு சுற்றிய பலகையைத் தரையில் போட்டால் போதும். எந்த மரமானாலும் சரி என்று எண்ணிவிடக் கூடாது. சிதம்பரத்தின் தலமரமான தில்லை, பிச்சாவரத்தில் இன்றும் வளர்கிறது. அதன் பால் தோலைக் கொப்பளிக்க வைக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

கட்டையை வைக்கும் இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கண்ணில் படாத மூலையில் வைத்தால் அறிவிப்புப் பலகையை அறைக்குள் பூட்டியது போலாகும். கிழிபடும் சோபாக் கையை ஒட்டியே நிறுத்துங்கள், பூனை தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று. சோபாவில் கிழிந்த இடத்தில் மட்டும் இருபுறமும் ஒட்டும் டேப்பையோ வழவழப்பான பிளாஸ்டிக் விரிப்பையோ போட்டுவையுங்கள். கட்டையில் நகம் பட்ட அந்தக் கணமே துளி கருவாடு கொடுங்கள். அரை நிமிடம் தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. காலைப் பிடித்துக் கட்டையில் தேய்த்துக் காட்டுவது உதவாது, வெறுப்புதான் வரும். பழகியபின் தினம் ஒரு சாண் நகர்த்தி உங்களுக்கு வசதியான இடத்துக்குக் கொண்டுபோகலாம்.

பூனையைக் கட்டைக்கு இழுக்கத் தெருவோரத்திலேயே மருந்து இருக்கிறது. பூனைவணங்கி என்றும் வழங்கும் குப்பைமேனிதான் அது. செடியைப் பிடுங்கியதும் வேரின் வாசனைக்குப் பூனை ஓடிவந்து புரளும். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் 2016 இல் அந்த வேரிலிருந்து இரண்டு சேர்மங்களைப் பிரித்துக் காட்டினார்கள். இரண்டும் மேல்நாட்டுக் கேட்னிப் செடியில் பூனையை மயக்கும் பொருளுக்கு உறவு. பூனைகள் ஏன் இப்படிப் புரள வேண்டும்? 2021 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இவ்வகைச் சேர்மம் ஒன்று பூனையின் மயிரில் ஒட்டி, ஏடிஸ் கொசுவை விரட்டுவதைக் கண்டார்கள். புதிதாகப் பிடுங்கிய வேரைக் கழுவிக் கயிற்றில் தேய்த்துவிட்டால் போதும், தின்னக் கொடுக்க வேண்டாம். வேருக்கு மசியாத பூனையும் உண்டு, அது பிறவிக் குணம்.

நகத்தையே எடுத்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். நகம் எலும்பிலிருந்து முளைப்பதால் அந்த அறுவையில் ஒவ்வொரு விரலிலும் கடைசி எலும்பையே வெட்ட வேண்டும். இஸ்ரேல் 2011 இலும் நியூயார்க் மாநிலம் 2019 இலும் இதைத் தடை செய்தன. நம் நாட்டில் 1960 ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் விலங்கின் உறுப்பைச் சிதைப்பதைக் குற்றமாக வைத்திருக்கிறது. உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் இரத்த ஓட்டப் பகுதியைத் தொடாமல், வெளுத்த நுனியை மட்டும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நறுக்கினாலே சேதம் குறையும்.

சில மாதங்களில் கட்டையின் கயிறு பிரிந்து, நார் தொங்கிப் பார்க்க அசிங்கமாகிவிடும். விருந்தாளி வருகிறார்கள் என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தால் பூனை மறுபடி சோபாவுக்குத் திரும்ப வாய்ப்பு அதிகம். பல மாத வாசனையும் கீறலும் ஏறிய பழைய கட்டைதான் அதற்கு உரிமையுள்ள கட்டை. அறுந்த பகுதிக்கு மட்டும் புதுக் கயிறு சுற்றி, மீதியை அப்படியே விட்டுவிடுங்கள்.